மொட்டைமாடித் தொட்டியும் மகனின் மலேரியாவும்

வடசென்னையில், பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் 41 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரோ தெருவோ வெளியில் தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாமனார் காலத்தில் கட்டிய மாடி வீடு. கீழே இரண்டு குடித்தனம், கொல்லையில் கிணறு, மாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. குழாய்த் தண்ணீர் தினமும் வராது என்பதால் வாசலில் நீல டிரம்கள். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்க்கிறார். வருடத்தில் பாதி நாள் கடலில்.

13 வயது மகனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. முதல் ஐந்து நாள் ‘வைரல்’ என்று மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். ஆறாம் நாள் ரத்தப் பரிசோதனையில் விவாக்ஸ் மலேரியா என்று தெரிந்தது. மூன்று நாள் ஒரு மாத்திரை, பதினான்கு நாள் இன்னொரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. இரண்டாவது மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். பத்து வாரம் கழித்து அதே குளிர், அதே காய்ச்சல், மறுபடியும் மலேரியா. எழுதும் நேரத்தில் மகன் முதல் மூன்று நாள் மாத்திரையை முடித்துவிட்டான். இரண்டாவது மாத்திரையைத் தொடங்க அம்மாவுக்குத் தயக்கம்.

கடிதத்தில் ஆற்றாமை நிறைய இருக்கிறது. மருந்து ஏன் வேலை செய்யவில்லை? கால்வாய்க் கொசுவால்தானே இவ்வளவும், யார் மேல் வழக்குப் போடுவது? தனியாரைக் கூப்பிட்டு மூன்று முறை புகை அடித்தும் பயனில்லையே? “இது நம்ம ஊர் கொசுவே இல்லை, ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி துறைமுகத்தில் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அங்கிருந்து கப்பலில் வந்திருக்கும்” என்கிறார் கணவர். தெருமுனையில் தங்கியிருக்கும் வடமாநிலப் பையன்கள் கொண்டுவந்தது என்பது மாமியாரின் கட்சி. இதற்கிடையில், தொட்டியைத் திறந்து காட்டச் சொன்ன மாநகராட்சி ஊழியரைக் கணவர் திருப்பி அனுப்ப, வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆறு மாத கர்ப்பிணியான நாத்தனார் அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறார். வரச் சொல்லலாமா, வேண்டாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையனைக் கவனிப்போம். கொசுவைப் பற்றி அப்புறம் பேசலாம். அது எங்கும் போய்விடாது.

மாத்திரை பாதியில் நின்றதால் வந்த வினை

விவாக்ஸ் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. கொசு கடித்ததும் அது நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு கூட்டம் பெருகி ரத்தத்தில் இறங்குகிறது. குளிரும் காய்ச்சலும் அதனால்தான். இன்னொரு கூட்டம் கல்லீரலிலேயே சத்தமில்லாமல் உறங்குகிறது. சில வாரமோ பல மாதமோ கழித்து விழித்துக்கொண்டு ரத்தத்துக்கு வரும். புதிதாகக் கொசு கடிக்கவே வேண்டாம்.

முதல் மூன்று நாள் கொடுத்த குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும். அதனால்தான் காய்ச்சல் விட்டது. உறங்கும் கிருமியை அது தொடாது. அதற்கென்றே கொடுப்பதுதான் பதினான்கு நாள் பிரைமாகுயின். மகன் நன்றாக ஓடியாடும் நாள்களில் விழுங்க வேண்டிய மாத்திரை என்பதால் பாதி வீடுகளில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. நோய் போய்விட்டதே, எதற்கு மாத்திரை என்று தோன்றும். உங்களுக்குத் தோன்றியதில் அதிசயம் இல்லை. ஆனால் மருந்து தோற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டாவது காய்ச்சல் உறங்கி எழுந்த கிருமியாலா, புதிய கொசுக்கடியாலா? உங்கள் வீட்டு நிலவரத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, வழக்கமான ரத்தப் பரிசோதனை இதைப் பிரித்துக் காட்டாது. சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றேதான்: மூன்று நாள் குளோரோகுயின், பதினான்கு நாள் பிரைமாகுயின், இந்த முறை கடைசி மாத்திரை வரை.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ‘ஜி6பிடி’ பரிசோதனையைக் கேளுங்கள். இது ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஒரு நொதி. பிறவியிலேயே இது குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். போன முறை ஐந்து நாள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதல்தான். இருந்தாலும் பரிசோதனையைச் செய்துகொண்டு தொடங்கினால் உங்கள் மனமும் உறுத்தாது. மாத்திரை ஓடும் நாள்களில் சிறுநீர் கறுங்காப்பி நிறத்தில் போனாலோ, முகம் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றுப்புரட்டல் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் புரட்டத்தான் செய்யும். நாலு இட்லி சாப்பிட்ட பிறகு கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

என் நோயாளிகளிடம் ஒன்று சொல்வதுண்டு. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளைக் காலையில் கிழிக்காதீர்கள். பையன் மாத்திரையை விழுங்கிய பிறகு கிழியுங்கள். தாள் கிழியாமல் இருந்தால் மாத்திரை உள்ளே போகவில்லை என்று பாட்டிக்கும் தெரியும். கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் பதினான்கு நாளைக் கடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த நாள்களில் பையன் எழுப்பினாலும் எழாமல் கிறங்கிக் கிடந்தால், வலிப்பு வந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால், சிறுநீர் குறைந்தால், எங்காவது ரத்தம் கசிந்தால் காத்திருக்காதீர்கள். விவாக்ஸ் ‘சாது மலேரியா’ என்று அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்கள் எழுதின. இப்போது அப்படி யாரும் நம்புவதில்லை.

முதலில் பார்த்த டாக்டர் மேல் உங்களுக்குக் கோபம். நியாயம்தான், ஆனால் ஒரு பின்னணி உண்டு. நெடுங்காலமாகத் தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு சென்னையுடையது. நான் படித்த நாள்களில் இந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது கைப்பழக்கம். இப்போது நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூடவே அந்தப் பழக்கமும் குறைந்துவிட்டது. காய்ச்சல் என்றால் டெங்குதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே இனி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: “மலேரியாவுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்க.” நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நிலவேம்பு மேல் எனக்கு வழக்கில்லை. அதைக் கொடுத்துக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போட்டதுதான் பிழை. அந்த ஐந்து நாளில் பையனைக் கடித்த கொசுக்கள் அவனிடமிருந்து கிருமியை எடுத்துப் போயிருக்கும்.

கால்வாயை விட்டுவிட்டு மாடிக்கு வாருங்கள்

கால்வாய் நாறுகிறது, கொசு மொய்க்கிறது, வீட்டில் மலேரியா. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போடாதவர் இல்லை. ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் பெருகுவது கியூலெக்ஸ் கொசு. சாயங்காலம் விளக்கு போட்டதும் காதருகில் ரீங்காரம் போடுவது பெரும்பாலும் அதுதான். அது யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. மலேரியாவைக் கடத்துவது அனாஃபிலிஸ் குடும்பத்துக் கொசு மட்டுமே. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் நுண்ணோக்கியில் கண்டுபிடித்தது அந்தக் குடும்பத்துக் கொசுவின் வயிற்றில் இருந்த கிருமியைத்தான்.

அந்தக் குடும்பம் பெரியது. கிராமத்து வாய்க்கால், குட்டைகளுக்கு ஒன்று, மலையடிவார ஓடைகளுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று நம் நாட்டிலேயே மலேரியாவைப் பரப்பும் இனங்கள் பல. நகரத்தைப் பங்கு போட்டுக்கொண்டது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. 1901இல் லிஸ்டன் என்பவர் இதை விவரித்துப் பெயர் வைத்தார். இதற்குச் சாக்கடை பிடிக்காது. மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப், கட்டடம் கட்டுமிடத்தில் தேக்கிவைத்த தண்ணீர், டிரம் என்று நாம் குடிக்கவும் குளிக்கவும் பத்திரப்படுத்தும் தெளிந்த நீர்தான் வேண்டும். தண்ணீருக்குத் தவிக்கும் ஊர் எங்கெல்லாம் சேமித்து வைக்குமோ அங்கெல்லாம் இது குடித்தனம் வரும். சென்னையைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

வீட்டில் பார்க்கும் கொசு எது என்று கேட்டிருக்கிறீர்கள். உட்காரும் விதத்தைப் பாருங்கள். சுவரில் முதுகைக் கூன்போட்டு, உடம்பைச் சுவருக்கு இணையாக வைத்து உட்கார்ந்தால் கியூலெக்ஸ். உடம்பிலும் காலிலும் வெள்ளை வரி போட்டுக்கொண்டு பகலில் கடித்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். பின்பக்கத்தைத் தூக்கி, சுவரில் சாய்வாக அடித்த ஆணி மாதிரி உட்கார்ந்தால் அனாஃபிலிஸ். இது கடிப்பது இருட்டிய பிறகு. பகலெல்லாம் பேட்டும் கையுமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் பொசுங்குவது பெரும்பாலும் டெங்குக் கொசு. அதுவும் நல்லதுதான், விடாதீர்கள்.

புகை மருந்து அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பது தப்பிவிடும், தொட்டிக்குள் இருக்கும் கொசுப்புழுவுக்கு டீசல் வாடைகூட எட்டாது. முட்டையிலிருந்து கொசுவாக நம் ஊர் வெயிலில் எட்டு முதல் பத்து நாள் போதும். மூன்று முறை புகை அடித்த காசில் உங்கள் தொட்டிக்கு நல்ல மூடியே போட்டிருக்கலாம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நாளை காலை வெயில் ஏறியதும் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் மக் ஒன்று, டார்ச் ஒன்று. சிமெண்ட் தொட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்துங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் நில்லுங்கள், நிழல் பட்டால் புழு கீழே இறங்கிவிடும். ஓரமாக மக்கைச் சாய்த்து மேல்தண்ணீரை மட்டும் மொண்டு வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் ஆடாமல் வையுங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு என்றால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். வெட்டிப் போட்ட நூல்துண்டு மாதிரி நீரின் பரப்போடு படுத்துக் கிடந்தால் அனாஃபிலிஸ். அதற்கு மூச்சுக்குழல் கிடையாது, அதனால்தான் படுத்தபடியே சுவாசிக்கிறது. தொட்டால் பக்கவாட்டில் வெட்டி வெட்டி நகரும். கிணற்றைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். வெயிலை அதில் வாங்கி உள்ளே அடித்தால் சுவரோரம் எல்லாம் தெரியும். மாநகராட்சி ஊழியர்கள் செய்வதும் இதைத்தான்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் வீட்டு மாடிக்கே ஒரு ஊழியர் ஏறினார். “டாக்டர் வீடுதானே, மூடி போட்டிருக்கு” என்று நான் கீழேயே நின்றேன். அவர் கரண்டியில் நாலு புழுவோடு இறங்கி வந்தார். மூடி ஒழுங்காகத்தான் இருந்தது. அதிகத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் திறந்து கிடந்தது. கொசுவுக்கு அந்த ஓட்டை தாராளம். அன்றைக்கு அவருக்கு என் மனைவி கொடுத்த காபியை நான்தான் எடுத்துப்போய்க் கொடுத்தேன், பேச வாய் வரவில்லை.

என்ன செய்ய வேண்டும்

வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேயுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் அது நடக்காது, நான் சொல்லப் போவதும் இல்லை. டிரம்மையும் குடத்தையும் மட்டும் வாரத்தில் ஒரு நாள் கவிழ்த்து, உள்விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காயவிடுங்கள். தண்ணீர் நிரம்பியிருக்கும் நாளில் பழைய வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டுங்கள். டெங்குக் கொசுவும் இதே டிரம்மில்தான் வளர்கிறது என்பதால் ஒரே வேலையில் இரண்டும் முடிந்தது.

தொட்டிகளைக் காலி செய்வதைவிட அடைப்பதுதான் வழி. பழைய சிமெண்ட் தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்து ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். மூடியையே மாற்றுங்கள். ஓவர்ஃப்ளோ குழாய், காற்றுப்போக்கிக் குழாய் இரண்டின் வாயிலும் நைலான் கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் மூடி காற்றில் பறந்துவிட்டது என்று செங்கல் வைத்த அட்டையால் மூடியிருக்கிறீர்கள், அது மூடி ஆகாது. கிணற்றுக்கு வலை அடித்த சட்டம் போடலாம். கீழ்க் குடித்தனக்காரர்களையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள், அவர்கள் டிரம்மும் உங்கள் வீட்டு டிரம்தான்.

எந்த ஊர்க் கொசு?

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி, திசை மட்டும் தலைகீழ். ஜிபூட்டியில் அவர்கள் கவலைப்படுவது இதே ஸ்டீஃபன்சியைப் பற்றித்தான். ஆனால் அது அங்கிருந்து இங்கே வரவில்லை. அரேபியத் தீபகற்பம், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம், மியான்மர் தொடங்கித் தென்சீனம் வரை இதன் பழைய சீமை. ஆப்பிரிக்கக் கண்டத்தில் முதன்முதலாக இதை அடையாளம் கண்டதே 2012இல், ஜிபூட்டியில். கப்பல் வழியாகப் போயிருக்கும் என்பது பலருடைய கணிப்பு.

போன இடத்தில் அது செய்த வேலையைக் கேளுங்கள். 2012இல் ஜிபூட்டியில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,535 பேர். பின்னர் எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று வரிசையாக அது தென்பட்டது. 2022இல் எத்தியோப்பியாவின் திரே தாவா நகரில் மழையே இல்லாத மாதங்களில் மலேரியா வெடித்தது. ஆய்ந்தவர்கள் கைகாட்டியது இந்தக் கொசுவை. ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுக்கள் மழைக்குட்டையை நம்பிப் பிழைப்பவை, அதனால் நகரங்கள் ஓரளவு தப்பின. இது தொட்டியை நம்பிப் பிழைப்பது, அதற்கு நகரம்தான் தாய்வீடு. இது இப்படியே பரவினால் ஆப்பிரிக்க நகரங்களில் கூடுதலாக 12.6 கோடிப் பேர் ஆபத்துக்குள் வருவார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பக்கத்திலேயே பாருங்கள்: இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று வாங்கியது, அந்த டிசம்பரிலேயே மன்னார்க் கிணறுகளில் இந்தக் கொசு கிடைத்தது.

இதில் மூன்று வகை இருக்கிறது. முட்டையின் இருபுறமும் உள்ள மிதவையில் எத்தனை வரிமேடு என்று நுண்ணோக்கியில் எண்ணித்தான் பிரிப்பார்கள். அதிக வரி கொண்டது நகரத்து வகை, மனிதரைக் கடிப்பது. குறைந்த வரி கொண்டது கிராமத்து வகை, மாட்டையே அதிகம் நாடும். ஒரு முட்டையின் வரியை எண்ணி நோயின் போக்கைச் சொல்லும் வேலை எனக்கு இன்றும் வியப்புதான். சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

கணவருக்கு ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் மலேரியா. அது மூளையையும் சிறுநீரகத்தையும் சில நாள்களிலேயே தாக்கும். கப்பலிலோ, ஊருக்கு வந்த பிறகு சில மாதங்களுக்குள்ளோ காய்ச்சல் கண்டால் அன்றைக்கே பரிசோதனை. எந்தெந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்பதை மருத்துவரிடம் தானாகவே சொல்ல வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன் தடுப்பு மாத்திரை பற்றிக் கம்பெனி மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மாமியாரின் கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டும். மலேரியா உள்ள பகுதியிலிருந்து வருபவரின் ரத்தத்தில் கிருமி இருக்கலாம், உண்மை. உங்கள் மகன் ரத்தத்திலும்தான் இருந்தது. அந்தப் பையன்கள் கட்டடத்திலேயே வலையில்லாமல் படுப்பவர்கள், காய்ச்சல் வந்தால் ஒருநாள் கூலி போகும் என்று மறைப்பவர்கள். இந்தத் தெருவில் முதலில் கடிபடுவது அவர்களாகவே இருக்கும். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் சுகாதார நிலையத்துக்கு வழி காட்டுங்கள். ஒருவர் குணமானால் தெருக் கொசுவுக்கு எடுத்துப்போகக் கிருமி அந்த அளவுக்குக் குறைவு.

நோட்டீசும் வழக்கும்

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த நோட்டீஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது வீட்டில் குடியிருப்பவர், உரிமையாளர் பொறுப்பு என்று 1939ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. ஊழியருக்குச் சோதிக்கும் அதிகாரமும் உண்டு. ‘உள்ளே விட மாட்டேன்’ என்ற வாதம் எடுபடாது, அபராதம்தான் மிஞ்சும். அதே சமயம் முன்பின் தெரியாதவரை மாடி ஏறவிட உங்களுக்கு இருக்கும் தயக்கமும் நியாயமே. கணவர் கடலில் இருக்கும்போது வீட்டில் பெண்களும் பிள்ளையும்தானே. அடையாள அட்டையைக் கேளுங்கள், கீழ்வீட்டாரையும் கூட வரச் சொல்லுங்கள். மூடியும் வலையும் போட்டதும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நோட்டீஸ் தந்த வார்டு அலுவலகத்தில் எழுத்தில் பதில் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

கால்வாய்க்கு மனு கொடுங்கள், மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாரும் பதியுங்கள். அது தூர்வாரப்பட வேண்டியதுதான், யானைக்கால் நோய்க் கொசுவுக்காகவாவது. மலேரியாவுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவது என் கணக்கில் வீண் செலவு. எதிர்த்தரப்பு முதலில் கேட்பது உங்கள் தொட்டி மூடியைப் பற்றித்தான்.

நாத்தனார் வரலாமா?

வரட்டும். ஆனால் அவர் வருவதற்கு மூன்று வாரம் முன்பே தொட்டி வேலை முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கு மூடினாலும், ஏற்கெனவே கிருமியைச் சுமந்து பறக்கும் கொசுக்கள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மகனும் பதினான்கு நாளை முடித்திருப்பான். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, இரண்டுக்கும் நேரம் சரியாக இருக்கும்.

கர்ப்பத்தில் மலேரியா வந்தால் தாய்க்கு ரத்தம் குறையும், குழந்தை எடை குறைந்து பிறக்கும், குறைப்பிரசவமும் நேரலாம். ஆகவே அவருக்குக் காய்ச்சல் என்றால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ கிடையாது, அன்றைக்கே பரிசோதனை. விவாக்ஸ் என்றால் குளோரோகுயினைக் கர்ப்பத்தில் கொடுக்கலாம்; பிரைமாகுயினைக் கொடுக்கவே கூடாது. மகனுக்கு வாங்கிய மாத்திரை மீந்துவிட்டது என்று யாரும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் இருப்பது கடிதத்தில் ஓரிடத்தில் தெரிந்தது.

அவர் படுக்கும் கட்டிலுக்கு வலை கட்டுங்கள், மெத்தைக்கு அடியில் செருகும் நீளமுள்ளதாக. சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தியைக் கொளுத்தும் வழக்கத்தை விடுங்கள். மூடிய அறையில் அந்தப் புகை கர்ப்பிணிக்கு ஆகாது. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டுக் காற்று வர விடலாம்.

கடைசியாக, கிணற்றில் மீன் விட்டால் தண்ணீரைப் புழங்கலாமா என்று மாமியார் கேட்கச் சொன்னாராம். தாராளமாக. கம்பூசியா என்பது அரை விரல் நீள மீன், கொசுப்புழுவை விரும்பித் தின்னும். மாநகராட்சியிடமே கேட்டால் கொடுப்பார்கள். ஊழியர் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் ‘அபேட்’ மருந்து ஊற்ற வந்தாலும் பயப்பட வேண்டாம், குறிப்பிட்ட அளவில் குடிநீரிலும் அதற்கு அனுமதி உண்டு. மீன் விட்ட பிறகு கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், மீன் செத்துவிடும். பெருகிவிட்டதே என்று அள்ளிக்கொண்டுபோய் ஏரியிலோ குளத்திலோ விடவும் கூடாது, அங்கே நம் ஊர்ச் சின்ன மீன்களை அது அழித்துவிடும். வேண்டுமானால் எதிர்வீட்டுக் கிணற்றுக்குப் பத்து மீன் கொடுங்கள்.